குளியலறைத் தரையில் ஒரு டெஸ்ட் கால்

தரை சில்லுன்னு இருக்கு, ஆனா அது வலது பக்கத்துக்கு மட்டும்தான் தெரியுது, இடது கால் முழங்காலுக்குக் கீழ எப்பவும் போல ஒண்ணும் சொல்லல, பதினஞ்சு வருஷ சர்க்கரை, செருப்பு கழண்டு விழுந்தாக்கூட நாலு அடி நடந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கதவைச் சாத்தியாச்சு. குழாயைத் திறந்து விட்டாச்சு, பக்கெட்டுல தண்ணி விழுந்துகிட்டே இருக்கணும், அது கிளமென்ட் போட்ட கண்டிஷன். கதவு சாத்தியிருக்கணும், தண்ணி ஓடணும், கையில போன் இருக்கக்கூடாது, அம்மா தரையில படுத்திருக்கணும், அங்கேருந்து வாயால கூப்பிட்டா, வெளிய நான் செஞ்சு வெச்ச டப்பா அதைக் கேட்டு பெங்களூருல அவன் போனை அடிக்க வைக்கணும், மூணு தடவை. பரீட்சை வைக்கிறான் பெத்த பிள்ளை. அறுபத்தேழு வயசுல பிலோமினாவுக்கு பிராக்டிகல். போன சனிக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு, ரெண்டும் அடிச்சுது. இன்னைக்கு மூணாவது. இதுவும் அடிச்சுட்டா நான் திருச்சியில என் வீட்டுலயே இருக்கலாம், நான் பேசறதை யாரும் ஒட்டுக் கேக்க மாட்டாங்க. அடிக்கலன்னா அவன் வாங்கிக் குடுத்த பேசுற உருண்டையைத் திரும்ப மாட்டணும், அது வேணாம்னா வீட்டைப் பூட்டிட்டு கோயம்புத்தூர் பக்கம் ஏதோ ஹோமுக்குப் போகணும், படமெல்லாம் அனுப்பியிருந்தான், புல்தரையில நாலு கிழவிங்க பந்து உருட்டுறாங்க. நான் எதுக்கு பந்து உருட்டணும். ஹால் கடிகாரம் மூணு அடிச்சதும் கூப்பிடுறதா பேச்சு. படுக்கும்போது மூணாக எட்டு நிமிஷம் இருந்துச்சு. சீக்கிரமே படுத்துட்டேன், என்ன அவசரமோ. டைல்ஸ் இடுக்குல கறுப்பா ஒரு கோடு போகுது, நின்னு பாக்கும்போது தெரியாத அழுக்கு, பிரஷ் வெச்சுத் தேய்க்கணும். நாளைக்குத் தேய்க்கலாம்.

மார்ச் மாசம் நிஜமா விழுந்தப்பவும் இதே கோட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கணும், ஞாபகம் இல்ல. நாலு மணி நேரம். மொதல்ல கத்தினேன், அப்புறம் தொண்டை கட்டிப்போச்சு, அப்புறம் சும்மா கிடந்தேன், பயம்னுகூட சொல்ல முடியாது, ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சு. மோட்டார் போட்டுட்டு உள்ள வந்தவ விழுந்துட்டேன், டேங்க் நிறைஞ்சு தெருவெல்லாம் ஓடி, எதிர்வீட்டு அம்மா சண்டைக்கு வந்தாங்க, அப்படித்தான் பொழச்சேன். அடுத்த வாரமே கிளமென்ட் அந்த உருண்டையோட வந்துட்டான். பேசினா கேக்கும்மா, பாட்டு போடும், லைட்டு போடும், எல்லாத்துக்கும் மேல, "நான் அங்கேருந்து அப்படியே உள்ள வந்து பேசலாம்மா, நீங்க எடுக்கவே வேணாம், பெல்லே அடிக்காது". பெருமையாத்தான் சொன்னான். பெல் அடிக்காம உள்ள வர்றதுன்னா என்னன்னு அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், முப்பத்தாறு வருஷம் டெலிபோன்ல சம்பளம் வாங்கினவ. ஒம்பது நாள் வெச்சிருந்தேன். ஒம்பதாவது நாள் போன்ல மெதுவா கேக்கிறான், "அம்மா, சாயந்திரமானா அப்பாகிட்ட பேசுறீங்களா?" அவங்க அப்பா சவரிமுத்து போய் ஆறு வருஷம் ஆச்சு, ஹால்ல போட்டோவாத்தான் இருக்காரு. நான் பேசறது உண்மை. விளக்கேத்தும்போது ரெண்டு வார்த்தை, முட்டி வலி, கேபிள்காரன், அப்புறம் அவர் தங்கச்சி விஷயம். அது எப்படிடா உனக்குத் தெரியும்னா, ஆப்புல வருதும்மா, லிஸ்ட்டா இருக்கு, தேதி, நேரம் எல்லாம் போட்டு இருக்கு, உருண்டை அதுவா தப்பா முழிச்சுக்கிட்டு எழுதி வெச்சிருக்கு, நான் ஒண்ணும் வேணும்னு கேக்கலம்மா. வெட்கமா இருந்துச்சு. கோபம்கூட இல்ல, சும்மா வெட்கம், பாவாடையோட தெருவுல நிக்கிற மாதிரி. லிஸ்ட்ல அந்தத் தங்கச்சி எமில்டா பேரு இருந்துச்சான்னு நான் கேக்கல, அவனும் சொல்லல. போனை வெச்ச உடனே வயரைப் பிடுங்கி, துண்டுல சுத்தி, பீரோவுல கீழ்த்தட்டுல வெச்சேன்.

நானே ஒண்ணு செய்றேன்டா, வெளிய ஒரு வார்த்தை போகாத மாதிரி, ரெண்டு மாசம் டைம் குடுன்னேன். சிரிச்சான். சிரிக்கட்டும். போர்டுல கயிறு மாட்டின ஆபரேட்டராத்தான் சேந்தேன், ஆனா அப்புறம் பரீட்சை எழுதி கம்ப்யூட்டர் எக்ஸ்சேஞ்சுக்கு மாறி, கறுப்பு ஸ்கிரீன்ல கமாண்ட் அடிச்சுத்தான் ரிட்டயர் ஆனேன், கைக்கு மறக்கல. உள்ளங்கை அளவு ஒரு கம்ப்யூட்டர் போர்டு, ஒரு மைக்கு, பழைய ரேடியோவுல கழட்டின ஸ்பீக்கர், சிம் போடுற மோடம், எல்லாம் அவரோட அலுமினிய சாப்பாட்டு டப்பாவுக்குள்ள. மென்பொருள் இலவசம், எந்தெந்த ஊர்லயோ இருக்கிறவங்க எழுதி, யார் வேணா எடுத்துக்கலாம், உள்ள என்ன எழுதியிருக்குன்னு திறந்தே பாத்துக்கலாம்னு விட்டு வெச்சது. திறந்து பாத்தேன். முழுசாப் புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாக்கலாம்னு விட்டிருக்காங்களே, அதுவே போதும். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிட்டுக் கூப்பிட்டேன், அப்பவும் லைட்டைப் போட்டுச்சு, அப்பத்தான் நம்பினேன். முழிக்கிறதுக்கு ஒரு பேரு வைக்கணும், அந்தப் பேரைச் சொன்னாத்தான் காதைத் திறக்கும், மத்த நேரம் எல்லாம் கேட்டதைக் கேட்ட உடனே மறந்துரும். ஆபரேட்டர்னு வெச்சேன். அதுக்கு அந்த வார்த்தையை நானே பழக்கணும், இருநூறு தடவை சொல்லி ரெக்கார்டு பண்ணினேன், சமையல்கட்டுல, மிக்ஸி ஓடும்போது, மழையில, இந்த பாத்ரூம்ல குந்திக்கிட்டு. விழுந்தா பல்செட்டு கழண்டுருமேன்னு யோசிச்சு அதைக் கழட்டி வெச்சுட்டு ஒரு அம்பது தடவை. ஆபரேட்டர், ஆபரேட்டர், ஆபரேட்டர். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போனாங்க. இது ஆபரேட்டர் இல்லன்னு காட்டறதுக்கும் சத்தம் குடுக்கணும், காக்கா, குக்கர், கீரைக்காரி, நான் செபமாலை சொல்றது. பழக்கி முடிச்சதும் அந்த ரெக்கார்டு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். பதில் சொல்ற குரலுக்கு மட்டும் என் குரலையே வெச்சேன், அது ஒண்ணுதான் அதுக்குள்ள இருக்கிற ரெக்கார்டு. ரெண்டே வார்த்தை, நம்பர் ப்ளீஸ். மூக்கால, ஏத்த இறக்கம் இல்லாம, அந்தக் காலத்துல எங்க எல்லாருக்கும் ஒரே குரல்தான், சூப்பர்வைசர் அம்மா அப்படித்தான் பழக்குவாங்க. கேட்டு மறந்துரும் அந்த டப்பா. எனக்கு அது வரல.

தண்ணி பக்கெட் விளிம்புக்கு வந்துருச்சு, சத்தம் மாறுது. எமில்டா அவரோட தங்கச்சி, எனக்கு நாத்தனார், இருபத்திரண்டு வயசு அப்ப, டீச்சர் டிரெயினிங் முடிச்சுட்டு வீட்டுல இருந்தா. அப்ப நாங்க இருந்தது ஒரு சின்ன ஊரு, பேரு எதுக்கு, எக்ஸ்சேஞ்சுல மொத்தமே நாலு போர்டு. நான் காலை டூட்டின்னு அவளுக்குத் தெரியும். அன்னைக்கு ஒருத்திக்குப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு நான் மத்தியான டூட்டிக்கு மாத்திக்கிட்டது அவளுக்குத் தெரியாது. தபாலாபீசுலேருந்து நாக்பூருக்கு ஒரு டிரங்க் கால், கால் பதியற டிக்கெட்ல வேற ஏதோ பேரு, குரல் எங்க வீட்டுக் குரல். நான் ஆபரேட்டர் குரல்ல, நாக்பூர் லைன்ல இருக்கு பேசுங்கன்னேன். ரெண்டு பக்கமும் பேச ஆரம்பிச்சதும் போர்டுல இருக்கிற கீயை நடுவுல விட்டுரணும், அதுதான் முறை, முன்னாடி தள்ளியிருந்தா நம்ம காது லைன்ல இருக்கும், நடுவுல விட்டா நாம வெளிய வந்துட்டோம்னு அர்த்தம், மூணு நிமிஷம் ஆனதும் உள்ள போய் நேரம் ஆச்சு நீட்டிக்கணுமான்னு கேட்டா போதும். சேந்த மொத நாள் சொல்லிக் குடுக்கிறதே அதுதான். நான் விடல. விரல் கீ மேலதான் இருந்துச்சு, விடல. நாக்பூர்ல பேசினவன் இந்து பையன், ரயில்வேயில வேலை. வியாழக்கிழமை காலையில பாசஞ்சர்ல ஏறிடுறேன், நீங்க மெட்ராசுக்கு வந்துருங்கன்னா. பயந்த மாதிரியே இல்ல அவ குரல், கடைக்குப் போறவ மாதிரி சொன்னா. டூட்டி முடிஞ்சு வந்து, கை காலைக் கழுவிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்த மாமியார்கிட்ட போய் உக்காந்து சொன்னேன். நல்லதுக்குன்னு சொன்னேன்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷமா அந்த வீட்டுல என்னை யாரும் உக்காருன்னு சொன்னதில்ல, அன்னைக்கு மாமியார் அரிவாள்மனையைத் தள்ளி வெச்சுட்டு என் முகத்தைப் பாத்தாங்க, சொல்லு சொல்லுன்னாங்க. அதுக்காகத்தான். வியாழக்கிழமை ஸ்டேஷன்ல அண்ணன்மாரு ரெண்டு பேரும் நின்னாங்க, என் வீட்டுக்காரரும் ஒருத்தர். ஒன்றரை மாசத்துல தஞ்சாவூருக்குக் கட்டிக் குடுத்தாச்சு. கல்யாணத்தன்னைக்கு காலையில அவ தலையில கல்யாண முக்காடு நெட்டைக் குத்துனது நான்தான், ஊசி வாயில வெச்சிருந்தேன், கண்ணாடியைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அண்ணி, அன்னைக்கு நாக்பூர் லைன்ல உங்க மூச்சு கேட்டுச்சு." அவ்வளவுதான் பேசினா. அதுக்கப்புறம் முப்பத்தொம்பது வருஷம். கிறிஸ்மசுக்கு வருவா, ஈஸ்டருக்கு வருவா, என் கையால சாப்பிடுவா. காபி வேணுமா எமில்டான்னா பக்கத்துல இருக்கிற கிளமென்ட்கிட்ட, வேணாம்னு சொல்லுப்பான்னுவா. போன அக்டோபர்ல கிட்னி போய் செத்துட்டா. பெட்டி மேல கை வெச்சேன், கட்டை மாதிரி இருந்துச்சு, பெட்டி இல்ல, கை. எல்லாரும் அழுதாங்க. பிலோமினா தைரியசாலின்னு யாரோ சொன்னாங்க. இந்த இடது கால் மாதிரிதான், இருக்கு, தெரிய மாட்டேங்குது.

மூணு அடிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு. கூப்பிடணும். வாயைத் திறக்கல. ஏன்னு தெரியல, இப்படியே கிடந்தா என்னன்னு இருக்கு, தண்ணி வழிஞ்சு முதுகுக்குக் கீழ வருது, வலது பக்கம் நனையறது தெரியுது. டப்பா கேக்கலன்னா. கேக்கலன்னா பந்து உருட்டணும். கேட்டுட்டா இந்த வீட்டுல இதே கோட்டைப் பாத்துக்கிட்டு தனியா இருக்கணும். ரெண்டுல எது வேணும்னு யாராவது கேட்டா டக்குனு சொல்லத் தெரியாது, ஆனா போட்டோவுக்கு முன்னாடி நின்னு எமில்டாகிட்ட மன்னிப்புக் கேளுங்கன்னு அவர்கிட்ட சொல்றேனே, அதைச் சொல்றதுக்கு ஒரு இடம் வேணும், யாரும் எழுதி வெச்சுக்காத இடம். அங்க பெங்களூருல அவன் போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், சனிக்கிழமை, லீவு, ரெண்டு நிமிஷம் தாண்டினா பயந்துருவான். பாவம். "ஆபரேட்டர்." தண்ணி சத்தம்தான் கேக்குது. தொண்டையைச் செருமிக்கிட்டு இன்னொரு தடவை, "ஆபரேட்டர்." கதவுக்கு அந்தப் பக்கம் டப்பாக்குள்ளேருந்து நான் பேசறேன், நம்பர் ப்ளீஸ். கிளமென்ட்டைக் கூப்பிடுன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல, அப்புறம் மணி போற சத்தம், ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான்.

"அம்மா? ஏன் இவ்வளவு நேரம்?" கடிகாரம் லேட்டுடான்னேன். "கீழதான் படுத்திருக்கீங்களா?" படுத்திருக்கேன். "கதவு?" சாத்தியிருக்கு. "பொய் சொல்லக்கூடாது." வேணும்னா வந்து பாரு. சிரிச்சான், அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. "தண்ணி சத்தம் நல்லா கேக்குதும்மா. மூணும் பாஸ். பாத்து எந்திரிங்க, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. சரி, வெச்சிருங்க." மேசை மேல போனை வெக்கிற சத்தம். அவன் வெட்ட மாட்டான். கூப்பிட்டவங்கதான் வெட்டணும்னு சின்ன வயசுலேருந்து நான்தான் அவனுக்குப் பழக்கியிருக்கேன், டிரங்க் காலுக்குக் காசு கட்டினவங்க பேச்சை எதிராளி வெட்டக்கூடாது, அது மரியாதை இல்லன்னு. எப்பவும் நான் பட்டனை அமுக்கற வரைக்கும் அவன் போன் சும்மா கிடக்கும். இன்னைக்கு என் கையில பட்டன் இல்ல. டப்பாகிட்டத்தான் சொல்லணும், சொல்றதுக்கு வாயெடுக்கறதுக்குள்ள மருமக குரல் வருது, வினோலியா, அடுத்த ரூம்லேருந்து வந்திருக்கா போல. "என்ன, வந்துருச்சா?" வந்துருச்சு, மூணு தடவையும் வந்துருச்சுங்கிறான். "இப்ப என்ன பண்றது?" நாற்காலி இழுக்கிற சத்தம். என் மகன் பெருமூச்சு விடறான், நான் பெத்த மூச்சு, நல்லாத் தெரியுது, "அதான் தெரியல வினோ. அம்மாகிட்ட அந்த விஷயத்தை எப்படிச் சொல்றது..."

அந்த விஷயம். எந்த விஷயம். ஹோம்ல ஏற்கனவே பேரு பதிஞ்சுட்டாங்களா, இந்த வீட்டுக்கு ஆள் பாத்துட்டானா, அவனுக்கு வேலை போச்சா, உடம்புக்கு ஏதாவதா, வினோவுக்கா, ரெண்டு பேரும் பிரியறாங்களா, இன்னும் பத்து வினாடி போதும், பத்துகூட வேணாம், அடுத்த வாக்கியம், அவன் எப்பவும் விஷயத்தை ரெண்டாவது வாக்கியத்துல சொல்லிருவான். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். எப்பலேருந்து பிடிச்சிருக்கேன்னு தெரியல, நெஞ்சு வலிக்குது, விட்டா கேக்கும்னு பிடிச்சிருக்கேன். அன்னைக்கு இதைப் பிடிக்கத் தெரியாமத்தான் மாட்டினேன். இந்த நாப்பது வருஷத்துல கத்துக்கிட்டது இதுதானா பிலோமினா, சத்தம் வராம கேக்கறதுக்கா. வீடு என்னுது. அதைப் பத்தித்தான் பேசறாங்க, என்னைப் பத்தித்தான் பேசறாங்க, எனக்குத் தெரியணும், தெரிஞ்சுக்கிட்டா பதில் யோசிச்சு வெச்சுக்கலாம். அன்னைக்கும் எங்க வீட்டு விஷயம்தான். மூச்சை விட்டேன். நல்லா சத்தமாவே விட்டேன். "ஆபரேட்டர்." நம்பர் ப்ளீஸ்னு டப்பா கேக்குது, அந்த ரெண்டு வார்த்தை பெங்களூருல அவங்க மேசை மேலயும் போய் விழுந்திருக்கணும், "ஐயோ, அத்தை லைன்லயே இருக்காங்க" வினோ சொல்றா, நாற்காலி கரகரன்னுது, அம்மான்னு கிளமென்ட் கிட்ட வர்றான், இப்ப அவனே சொல்லிடுவான் போல இருக்கு, "லைனை வெட்டு"ன்னேன். வெட்டிருச்சு.

வெறும் தண்ணி சத்தம். எட்டி குழாயை மூடினேன், அதுவும் நின்னுச்சு. எமில்டா, மூணு நிமிஷம்கூட ஆகலடி. அழுகை வருமான்னு பாத்தேன், வரல, நெஞ்சுல எங்கயோ சும்மா இடிச்சுட்டுப் போச்சு. என்ன விஷயம்னு எனக்குத் தெரியாது. தெரியாம இந்தத் தரையில எத்தனை நேரம் கிடக்க முடியும், வேற யாராவதா இருந்தா ஓடிப்போய்த் திரும்பக் கூப்பிட்டிருப்பாங்க. பயமா இருக்கு. இதை வாயால சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு, பயமா இருக்குன்னு சொன்னேன், டப்பா ஒண்ணும் சொல்லல, அது பேரைச் சொன்னாத்தான் கேக்கும். சமையல்கட்டுல என் போன் அடிக்குது. கேஸ் அடுப்பு பக்கத்துல வெச்சிருக்கேன், கல்லு மேல வெச்சதால மணியோட சேந்து கிர்ர்னு அதிருது. அவன்தான். மணி அடிச்சுக் கூப்பிடறான், நான் எடுத்தாத்தான் பேசுவான், எடுக்கலன்னா காத்துக்கிட்டு இருப்பான். சொல்லட்டும், அம்மான்னு கூப்பிட்டு என்கிட்டயே சொல்லட்டும். வலது கையை ஊணியாச்சு. இடது கால் எங்க இருக்குன்னு கையால தொட்டுப் பாத்து மடக்கி வெச்சேன், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அடிக்கட்டும். வர்றேன்.